ஜெய்சல்மேர் முழுக்க நம்ம பனியன்

போன இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. ‘உடம்பு சரியில்லையா?’ என்று மங்கலத்திலிருந்து ஒரு வாசகர் அக்கறையாகக் கேட்டிருந்தார். ‘நிம்மதியாக இருந்தது’ என்று உடுமலைப்பேட்டையிலிருந்து இன்னொருவர் எழுதியிருந்தார். இருவருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. உயிர்தான் ராஜஸ்தான் பக்கம் ஒரு சந்தில் கழன்று விழுந்து, மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது.

ஆமாம், டூர் போயிருந்தோம். நானும் என் மனைவி ருக்குமணியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் பழனி. அதுவும் எங்கள் தையல் யூனிட்டில் கரண்ட் இல்லாத ஒரு நாளில்.

கூட்டிப்போனவர் யூசுப் பாய். ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களையும் கழிக்கப்பட்ட பனியன்களையும் மொத்தமாக வாங்கி வடக்கே அனுப்புகிறவர். வியாபாரத்துக்காக இந்தி கற்றார். கற்ற இந்தி வீணாகக் கூடாது என்று வருஷம் ஒரு தடவை நம் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டெல்லி வரை ரயில். அங்கிருந்து பஸ். ஆக்ரா, ஜெய்ப்பூர், மவுண்ட் அபு, ஜெய்சல்மேர். கூடவே ஒரு சமையல்காரர், பொன்னி அரிசி மூட்டையோடு.

கிளம்பும்போது ஆளுக்கொரு மஞ்சள் டி-சர்ட் கொடுத்தார். எங்கள் ஊரில் அதுவும் பனியன்தான். வெளிநாட்டுக்காரன் கேட்டது எலுமிச்சை மஞ்சள். சாயப்பட்டறையில் வந்தது சாம்பார்ப் பொடி மஞ்சள். ஆர்டர் கேன்சல். நெஞ்சில் ஒரு பாய்மரக் கப்பல் — பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

“எத்தன கூட்டத்துலயும் இந்தக் கலர் தனியாத் தெரியுமுங்க. ஒருத்தருந் தொலைய மாட்டீங்க” என்றார் பாய்.

பெண்கள் தயங்கினார்கள். சேலைக்கு மேல் டி-சர்ட்டா? மவுண்ட் அபுவின் மலைக்குளிர் அந்தத் தயக்கத்தைக் கவனித்துக்கொண்டது. அதற்கப்புறம் யாரும் கழற்றவில்லை.

நம் ஆட்கள் சரித்திரம் பார்க்கிற அழகைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெய்ப்பூர் கோட்டையில் உள்ளூர் கைடு ஒருவர், எந்த ராஜா எந்த ராணிக்காக எந்த ஜன்னலைக் கட்டினான் என்று உருகி உருகிச் சொல்கிறார். பாய் அதைத் தமிழில் உருகுகிறார். எங்கள் கூட்டம்? கைடின் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மெல்ல ஒரு கை போய் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறது. அக்ரிலிக் என்கிறது ஒரு குரல். ஓரத்து ஓவர்லாக் தையல் சரியில்லை என்கிறது இன்னொரு குரல். கைடு நெளிகிறார். என்ன செய்வது? பனியன் தொழிலில் இருப்பவனுக்கு அடுத்தவன் உடம்பில் இருப்பதும் சாம்பிள்தான்.

கடைசியாக ஜெய்சல்மேர். கோட்டையே மஞ்சள் கல். கோட்டைக்குள் ஒரு ஊர். ஊருக்குள் சந்துகள் — எதிரே மாடு வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவரவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கோட்டை வாசலுக்கு வந்துவிட வேண்டும், பிறகு பஸ்ஸில் மணல்மேட்டுக்குப் போகிறோம் என்று பாய் சொல்லிவிட்டார்.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவதென்றால், அவன் பத்தடி முன்னால், அவள் பத்தடி பின்னால். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் கௌரவம் என்னாவது? நானும் அப்படியே நடந்து பழகிய முதுகுதான். ஜெய்சல்மேரிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே போனேன். பேச்சு அவள் தம்பியைப் பற்றி. சேவூரில் தோட்டத்தை மேய விட்டுவிட்டுச் சீட்டாடும் அந்த மகானைப் பற்றி. சந்து முடிகிற வரை பேசினேன். பின்னாலிருந்து ஒரு மறுப்பு இல்லை. தம்பியைச் சொன்னால் சும்மா வருகிற ஆளா அவள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

திரும்பினேன்.

மஞ்சள் டி-சர்ட் இருந்தது. பாய்மரக் கப்பல் இருந்தது. அதற்கு மேலே... தேள் கொடுக்கு மாதிரி முறுக்கிவிட்ட மீசை.

மீசைக்காரர் பாவம், மரியாதை தெரிந்தவர். நான் என் மச்சானைத் திட்டியதை முழுக்கக் கேட்டிருக்கிறார். தலையை ஆட்டி, “அச்சா” என்றார்.

ருக்குமணி எங்கே?

வந்த வழி என்று நினைத்த சந்தில் ஓடினேன். அதோ மஞ்சள் — டீ ஆற்றுகிறவர். அதோ இன்னொரு மஞ்சள் — முழங்கால் வரை தொங்கும் டி-சர்ட்டில் ஒரு குழந்தை. மூலையில் ஒரு மஞ்சள் — தலைப்பாகையோடு ஒட்டகக்காரர். ஊரே பாய்மரக் கப்பலில் மிதக்கிறது. ஒட்டகத்துக்கு மட்டும்தான் போட்டுவிடவில்லை. பின்னால் மஞ்சள் சுவர், முன்னால் மஞ்சள் சட்டைகள். இதில் என் மஞ்சளை எங்கே தேடுவேன்?

பயந்தேனா என்று கேட்கிறீர்களா? சே, பயமெல்லாம் இல்லை. ஒரே சந்துக்குள் மூன்று தடவை ஓடினேன், அவ்வளவுதான். அவளுக்கு இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. தமிழே அளந்துதான் பேசுவாள். பசித்தால் யாரிடம் கேட்பாள்? ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாளோ? அதற்குள் என் புத்தி பறந்து சேவூர் போய்விட்டது. கயிற்றுக் கட்டிலில் மாமனார். வாங்க மாப்பிள்ளை என்கிறார். என் பின்னால் எட்டிப் பார்க்கிறார். பொண்ணு எங்கீங்க என்கிறார். நான், தாஜ்மகால் பொம்மை ஒன்றை அவர் கையில் கொடுக்கிறேன்...

சரி, நிதானப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போலீசிடம் போவோம். அடையாளம் கேட்பார்கள். மஞ்சள் டி-சர்ட்... அது ஊருக்கே இருக்கிறது. என்ன கலர் சேலை?

என்ன கலர் சேலை?

தெரியவில்லை. காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து இட்லி தின்றவள். ரோலுக்கு ரோல் துணியில் நூலளவு ஷேடு மாறினாலும் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிற எனக்கு, பெண்டாட்டி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதுவரை ஓடியது வெறும் டிரையல்.

ஒரு போலீஸ்காரர் வந்தார். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் டெல்லி ஏஜெண்டுகளிடம் போனில் பேசிய இந்தி. சரக்கு கிளம்பியதா, லாரி வந்ததா என்பதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. பெண்டாட்டியைக் காணோம் என்பதற்கு அதில் இடமே இல்லை. தமிழாவது வந்ததா? என் டி-சர்ட்டின் கப்பலை இழுத்து இழுத்துக் காட்டினேன். இதே மாதிரி போட்டவள் எங்கே என்று இரண்டு கையையும் விரித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புரிந்துவிட்டது என்று தலையசைத்தார். என் கையைப் பிடித்து இரண்டு சந்து தாண்டி இழுத்துப்போய் ஒரு தள்ளுவண்டி முன்னால் நிறுத்தினார்.

வண்டி நிறைய அதே மஞ்சள் டி-சர்ட்.

வாங்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறார், புண்ணியவான். ஆனால் வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருவர் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்க்கிறார். ஒருவர் உள்பக்கத்தைத் திருப்பித் தையலை எண்ணுகிறார். ஒரு அக்கா வெயிலில் விரித்துப் பிடித்து ஓட்டை தேடுகிறார். எங்கள் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் அங்கேதான் நிற்கிறார்கள். கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். தன் சரக்கையே போட்டுக்கொண்டு வந்து தன் சரக்கிலேயே குறை கண்டுபிடிக்கிற கூட்டத்தை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

வண்டிக்குப் பக்கத்தில், கடைக்காரருடைய ஸ்டூலில், கையில் டீ டம்ளரோடு ருக்குமணி.

அரக்கு கலர் சேலை.

“எங்கீங்க போனீங்க?” என்றாள். கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். வரும் வழியில் வண்டியைப் பார்த்திருக்கிறாள். கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் என்னைக் காணோம்.

“நீங்கதான் திரும்பியே பாக்க மாட்டீங்களே. தேடீட்டுப் போனா ரெண்டு பேருந் தொலைஞ்சு போவோம்னு இங்கயே உக்காந்துட்டனுங்க. நம்மூர்க்காரங்க இந்த வண்டியத் தாண்டிப் போக முடியுமுங்களா? ஒவ்வொருத்தரா எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

பாய் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கோட்டையின் கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

“நமக்கு வேணுங்கறத எடுத்துட்டு மீதி லாட்ட டெல்லிப் பார்ட்டிக்கு அனுப்பீட்டேன் அண்ணா. அவன் டெல்லியிலயே விப்பான்னு நெனச்சேன்” என்றார், கல்லிடம்.

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். ருக்குமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, அழுதீங்களா?”

“பாலைவனமாச்சே. கண்ணுல மண்ணு.”

“காத்தே இல்லீங்களே.”

சொல்லிவிட்டுத் தன் டீயை என் கையில் கொடுத்தாள். பாதிக் குடித்த டீ. ஆறிப்போயிருந்தது. வடக்கே நான் குடித்ததிலேயே நல்ல டீ அதுதான்.

கோட்டை வாசலுக்கு இறங்கும்போது நான் பின்னால் நடந்தேன். அவள் முன்னால். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு திருப்பத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள், விடுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சொன்னாளே தவிர, இழுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பாய் படியில் நின்று உள்ளே பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டார்.

“அக்கா, அண்ணன ஏத்தியாச்சுங்களா?”

“ஏத்தியாச்சுங்க பாய். சன்னலோரமா வெச்சிருக்கேன்” என்றாள்.