பாரதி கட்டிய கல்யாண மகால்

இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் செஞ்சிக்கு வந்து, கொத்தனார் துரைக்கண்ணு வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவரிடம் மட்டும் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள்.

துரைக்கண்ணுவுக்கு ஒரே மகள், பாரதி. ஒன்பதாம் வகுப்பு படித்தாள். சமூக அறிவியல் டீச்சர் அந்த வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, ஊர் எல்லாம் கட்டுகிற ஒரு விளையாட்டைப் பிள்ளைகள் செல்போனில் ஆடுவார்கள் அல்லவா, அதில் செஞ்சிக் கோட்டையின் கட்டடம் ஒன்றை இருவர் இருவராகச் சேர்ந்து கட்ட வேண்டும். வகுப்பு முழுவதற்கும் ஒரே மைதானம். உள்ளே வருகிறவர் ஒரு பொம்மை உருவமாக நடமாடுவார். தலைக்கு மேல் பெயர் தெரியும். பாரதியும் அவள் தோழி ஜெயஸ்ரீயும் கல்யாண மகாலை எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து, வேலை முடிந்து வரும் துரைக்கண்ணுவை மகள் விட மாட்டாள்.

"நைனா, அந்த வளைவு எப்டி விழாம நிக்குது? மேல போவப் போவ ஏன் சின்னதாவுது?"

கை கழுவுவதற்கு முன்பே தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கே கூட்டிப் போய், ஒவ்வொரு மாடியாகப் பார்க்க வைத்தார்.

ஐந்து மாடி கட்டியிருந்தாள். அப்போதுதான் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே யாரும் கூட இருக்க முடியாது. துரைக்கண்ணுவும் அவர் மனைவி மகாலட்சுமியும் வராந்தாவில் துண்டை விரித்துக் காத்துக் கிடந்தார்கள். செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை 4.50க்கு அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவி ஓடவில்லை.

அக்டோபர் 6, திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஜெயஸ்ரீ வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மாமா, பாரதி டேப்பை யார்னா எடுத்தீங்களா?"

"இல்லியே. பீரோவுல இருக்குது. ஏன்?"

துரைக்கண்ணு பீரோவைத் திறந்தார். பாரதி அந்த விளையாட்டை ஆடும் டேப்லெட், அவள் பள்ளித் துப்பட்டாவில் சுற்றியபடியே இருந்தது. பட்டனை அழுத்திப் பார்த்தார். சார்ஜ் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"அவ பாஸ்வேர்டு எனக்கே தெரியாது மாமா. யாருக்கும் தெரியாது..." தன் செல்போனை நீட்டினாள்.

மணி 5.40.

திரையில் மலை. குளம். கல்யாண மகால். ஐந்தாவது மாடிக்கு மேல் ஓர் உருவம். தலைக்கு மேல் 'பாரதி' என்று எழுதியிருந்தது.

டொக்... டொக்...

கட்டை வைக்கிற சத்தம். இரண்டு கட்டை வைத்தது. பின்னால் நகர்ந்தது. நின்று பார்த்தது. மறுபடி இரண்டு கட்டை.

இரண்டு கல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்ப்பது துரைக்கண்ணுவுடைய பழக்கம். முப்பது வருஷப் பழக்கம்.

6.10க்கு உருவம் மறைந்தது.

மறுநாளே ஜெயஸ்ரீயிடம் சொல்லித் தன் செல்போனில் அந்த விளையாட்டை ஏற்றிக்கொண்டார். கட்டை வைக்கவும் எடுக்கவும் கற்றுக்கொண்டார். தினமும் 5.40க்கு அது வந்தது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகவில்லை. மகாலட்சுமி திரையைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் அந்த நேரத்துக்கு வந்து, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னா பண்ணுது?"

"ஆறாவது மாடி போடுது."

"தனியாவா?"

"ம்."

அக்டோபர் 12. மேலே கூம்புக் கூரை மட்டும்தான் பாக்கி. "நாளைக்கு முடிஞ்சிடும் மாமா" என்றாள் ஜெயஸ்ரீ. "பதினேழாம் தேதி டீச்சர்கிட்ட காட்டணும்."

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீடு முடிந்துவிட்டால் கொத்தனார் அந்த வாசலை மறுபடி மிதிப்பதில்லை. அவர் கட்டிக் கொடுத்த எந்த வீட்டுக்கும் அவர் திரும்பப் போனதில்லை.

மறுநாள் காலை 6.15. வேலைக்குக் கிளம்புமுன் விளையாட்டுக்குள் போனார். மேல் மாடியில் ஒரு வரிசையை இடித்தார்.

சாயங்காலம் 5.40க்கு உருவம் வந்தது. இடிந்த இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றது. பிறகு முதலிலிருந்து அடுக்கத் தொடங்கியது. துரைக்கண்ணு வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். நாளைக்கும் வருவாள்.

அடுத்த நாள் இரண்டு வரிசை இடித்தார். அதற்கடுத்த நாள் ஒரு மாடி.

ஆனால் உருவம் தளர்ந்துகொண்டே வந்தது. டொக்... பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. டொக்... கட்டைகள் வரிசை தப்பி உட்கார்ந்தன.

ஜெயஸ்ரீ வந்தாள். "இடிக்கிறது நீங்கதான மாமா?"

துரைக்கண்ணு செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மார்க்கு போனா போவுது. அவ பாவம் மாமா."

அக்டோபர் 16, வியாழக்கிழமை. மணி 5.40.

உருவம் மேலே ஏறவில்லை. கீழே, வாசலில் நின்றது.

திரும்பியது.

அதுவரை ஒருநாளும் அது அவர் பக்கம் திரும்பியதில்லை.

நடந்து வந்தது. நெருங்கியது... இன்னும் நெருங்கியது... திரை முழுக்க அந்தச் சதுர முகம்.

கீழே ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

போதும் நைனா

கை வலிக்குது

"இன்னா?" என்றாள் மகாலட்சுமி, திரும்பாமலே. "இன்னா சொல்லுது?"

துரைக்கண்ணு தன் உருவத்தை மேல் மாடிக்கு ஏற்றினார்.

இடித்ததையெல்லாம் அவரே கட்டினார். விரல் வழுக்கியது. கண் மறைத்தது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அது. 6.10 தாண்டியது. 6.40. கூம்பின் உச்சியில் கடைசிக் கட்டை.

டொக்.

உருவம் பின்னால் போய் எட்ட நின்று பார்த்தது.

பிறகு... யாரும் இல்லை.

அந்த இரண்டு வரியை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மகாலட்சுமியிடம், "போய்ட்டு வர்றேன்னு சொல்லுச்சு" என்றார். அவள் அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு அது வரவேயில்லை.

நவம்பர் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தார் துரைக்கண்ணு. ஸ்பெஷல் பஸ் வரிசையில் ஒரு பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனம்பாள். பெரிய ஆஸ்பத்திரியில், பாரதி இருந்த பிரிவில் துப்புரவு வேலை செய்பவர்.

"செஞ்சிதான நீங்க? கடைசி ராத்திரி உம் பொண்ணு பக்கத்துல நான்தாம்பா இருந்தேன். மணி ரெண்டு இருக்கும். கைய தூக்கித் தூக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மாதிரி பண்ணிக்கினே இருந்துச்சு. ஊசி ஏத்துன கையி. வேணாம்மா, வையின்னேன். கேக்கல."

"எதுனா... சொல்லுச்சா?"

மீனம்பாள் தயங்கினார்.

"'நான் கட்டக் கட்ட, நைனா இடிச்சிக்கினே இருக்குதுக்கா. கை வலிக்குது'ன்னுச்சு. காய்ச்சல் வேகத்துல ஒளறுதுன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. துரைக்கண்ணு நின்ற இடத்திலேயே நின்றார்.

மீனம்பாள் சொன்ன அந்த ராத்திரி, செப்டம்பர் 2.

அவர் முதல் வரிசையை இடித்தது அக்டோபர் 13.