ஷூ போட்ட நண்டு

“கால் நோகாம உக்காந்து சம்பளம் வாங்கத்தானட்டி ஒன்னப் படிக்க வச்சேன். நீ என்னன்னா ஷூ வாங்கிட்டு வந்து, வேணும்னே ஓடப் போறேங்குத. இது எத்தன நாளைக்கு?”

நான் ஷூ வாங்கி வந்த அன்று அப்பா கேட்டது இது. கேலி இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா நடவு நடுகிறவள். அப்பாவுக்கு வரப்பு வேலை. வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கி, புல்லை எடுத்து, சேற்றை அள்ளி அணைத்து, தண்ணீர் கசியாதபடி மெழுகிவிட வேண்டும். இலத்தூர் பக்கத்தில் அவர் அணைத்த வரப்பை யாரும் இரண்டாம் தடவை போய்ப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கக் காலூன்றி உழைக்கிற இரண்டு பேரிடம், சும்மா ஓடுவதில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? ஓட ஆரம்பித்தேன்.

முதலில் தார் ரோட்டில்தான் ஓடினேன். காலையில் தென்காசி போகும் டவுன் பஸ் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன் என்று டிரைவர் நினைத்துக்கொள்வார்.

“ஏறும்மா, ஒனக்காகத்தான் நிக்குது” என்பார் கண்டக்டர்.

“இல்லண்ணே, நான் சும்மா ஓடுதேன்.”

“சும்மாவா?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரம் இருந்த ஓர் அக்கா ஒருநாள், “பாவம், டிக்கெட்டுக்கு இல்ல போல. நான் எடுக்கேன், ஏத்திக்கிடுங்க” என்றாள். அதோடு ரோட்டை விட்டேன்.

அப்புறம் கிடைத்ததுதான் ஆற்றங்கரைப் பாதை. வீட்டிலிருந்து தென்னந்தோப்பு வழியாக ஆற்றுக்கு இறங்கி, கரையோடு கொஞ்சதூரம் போய், ஓர் அண்ணாச்சியின் வயல் வரப்பில் ஏறி, வாய்க்கால் கரையைப் பிடித்தால் சுற்றி வந்துவிடலாம். ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர். மேற்கே குற்றாலம் மலை முழுவதும் தெரியும். மேகம் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்தே அன்றைக்குச் சாரல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என்னைப் பார்க்கக் கொக்குகளைத் தவிர ஆளில்லை.

நான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் அக்காவுக்கு ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளம். வாகமண்ணில் பைன் காட்டுக்குள் ஓடும் பந்தயம் ஒன்றில் அவள் போன வருடம் ஓடியிருந்தாள். போனில் படம் காட்டினாள். கோடு கிழித்த மாதிரி நேராக நிற்கும் மரங்கள். தரை தெரியாமல் பழுப்பு நிற ஊசியிலைகள். “கால் வச்சா மெத்தை மாதிரி இருக்கும்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் காடுதான். பதினைந்து கிலோமீட்டர் பந்தயம். நிற்காமல் நான்கு சுற்று ஓடிவிட்டால் பெயர் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த வாரம். வெளிச்சம் சரியாக வராத நேரம் ஓடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் வரப்பில் ஏறியதும் கால் மெத்தென்று பதிந்தது. பைன் காட்டுத் தரை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு முதன்முதலாக நான்கு சுற்று முடித்தேன். வரப்பு மேட்டில் ஓடுகிறவளுக்கு அது முந்தின நாள் அணைத்த ஈர வரப்பு என்று தோன்றவே இல்லை. அதுவும் வரப்புக்காரர் மகளுக்கு.

சாயங்காலம் வேலை விட்டு வந்தால், வாசலில் அண்ணாச்சி நிற்கிறார். எதிரே அப்பா.

“வரப்பு கட்டுனீரா, சல்லடை பின்னுனீரா வே? மேல்வயல் தண்ணி பூராவும் நாத்தங்கால்ல எறங்கி, வெதச்ச வெத ஒரு மூலையில கெடக்கு.”

“நண்டு தொளச்சிருக்கும் அண்ணாச்சி.”

“ஒரே ராத்திரியிலயா? ஒம்ம கைய நம்பித்தான விட்டேன். மிச்ச வயலுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சி போன பிறகு அப்பா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். நானும் கூடவே போனேன். வரப்பின் ஓரம் முழுக்க என் ஷூவின் குதிகால் குழிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறைந்து, ஓரம் உடைந்து சரிந்திருந்தது.

“ஆறாம் நம்பர் ஷூ போட்ட நண்டு” என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் போயி அண்ணாச்சிகிட்ட சொல்லிருதேன்ப்பா.”

“சொன்னா இங்கன காலு வைக்க விட மாட்டாரு. விடுட்டி, நண்டுன்னு சொல்லியாச்சு. நீ ஒன் ஓட்டத்த ஓடி முடி.”

இரண்டு நாள் அண்ணாச்சியிடம் போகாமல்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். அண்ணாச்சியின் வயலைத் தாண்டாமல் வாய்க்கால் கரைக்குப் போக வழியில்லை. அந்தப் பாதை போனால் வாகமண்ணும் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அப்பா வேலைக்குப் போகாமல், கழுவி வைத்திருந்த மண்வெட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அப்பா அணைத்த வரப்பு ஒரே நாளில் ஒழுகிவிட்டது என்று அண்ணாச்சி டீக்கடையில் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

பம்புசெட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, அது நண்டு இல்ல. நாந்தான். வரப்பு ஈரமா இருந்தது தெரியாம ஓடிட்டேன்.”

“ஓடுனியா? யாரு வெரட்டுனா?”

“யாரும் வெரட்டல. தெனமும் ஓடுவேன்.”

என் முகத்தையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ ஒங்கப்பன் நண்டுன்னது?”

“எனக்காகச் சொன்னாவ. அவுக வேலையில ஒரு கொறையும் இல்ல. டீக்கடையில சொன்னத நீங்கதான் மாத்திச் சொல்லணும்.”

கடைசி வாக்கியத்தை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. உடனே சிரிப்பும் வந்தது.

“நல்லாத்தான் படிச்சிருக்க. சொல்லுதேன். ஆனா அறுப்பு முடியுத வரைக்கும் என் வரப்புல ஒன் காலு படக்கூடாது. ஒங்கப்பன நாளைக்கு வரச் சொல்லு.”

சொன்னபடி டீக்கடையில் சொன்னார், கொஞ்சம் கூட்டியே. அப்பாவை மறுநாள் மூன்று பேர் தேடி வந்தார்கள். எனக்கு ஊரில் நண்டு என்று பெயர் விழுந்தது. பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும், “ஏலே, வரப்பப் பாத்துக்கிடுங்க” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அம்மாவுக்கு வருத்தம். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஆற்றங்கரைப் பாதை போய்விட்டது. வேறு பாதை வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் ஏறிக் குற்றாலம் போகிறேன். பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை ஏறி இறங்கும் ரோடு. சீசன் நேரம் என்பதால் விடியும்போதே கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெயும் தோளில் துண்டுமாக வருகிறவர்களுக்கு நடுவே, யார் மேலும் உரசாமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும். ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது. இரண்டு தடவை போய்வந்தால் நான்கு சுற்றுக் கணக்கு வந்துவிடும். முதல் ஞாயிறு பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முடித்தேன்.

முடித்த அன்றே, திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, சாரலில் நனைந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்து, போனில் பந்தயத்துக்குப் பெயர் பதிந்தேன். செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டிப் போகும் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.