முதல் வாய்த் தண்ணீர்

"முதல் நீ குடி."

செம்பை நீட்டும் மனைவியிடம் மார்க்கண்டர் இப்படித்தான் சொல்வார். குணலட்சுமி உள்ளங்கையில் ஊற்றிக் குடிப்பாள். அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, இன்னும் சிறிது நேரம் பொறுத்து, அதன் பிறகே அவர் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வார். கல்யாணம் செய்த நாள் முதல் அந்தப் பேதை கண்ட இல்லறம் இது.

கோப்பாயில் நல்ல புகையிலைத் தோட்டக்காரர் யாரென்று கேட்டால் அவரைத்தான் காட்டுவார்கள். குடியில்லை, சூதில்லை. ஆனால் வெளியே போகும்போது வேலி வாசலில் உள்ள படலைக்குக் குறுக்கே நூலொன்று கட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து அந்த நூலைத் தடவிப் பார்த்த பின்னரே உள்ளே கால் வைப்பார். வேலியோரத்து ஒழுங்கையில் போகும் இருவர் சிரித்தால், "உவங்கள் என்னைத்தான் கதைக்கிறாங்கள்" என்பார். யப்பான் விமானம் வரப்போகிறதென்று ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த மாசியிலும், அவர் அயலிலுள்ள என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்கு நீர் இறைக்கத் துலா மிதிக்க வந்தவர்கள் இதனாலேயே நின்றுபோனார்கள். ஒருவன் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றவன் கிணற்று வாயில் நின்று நீர் மொள்ளும் பட்டையைப் பிடித்து இறைக்க வேண்டும். மேலே கால் பிசகினால் கீழே நிற்பவன் கிணற்றுக்குள். கீழே கை பிசகினால் மேலே நிற்பவன் நிலத்தில். "ஏன்ராப்பா என்னைப் பாத்துப் பாத்து மிதிக்கிறாய்? ஆர் சொல்லிவிட்டது?" என்று கேட்டால் எவன் மறுநாள் வருவான்?

குணலட்சுமியின் தமையன் தம்பிராசா மட்டும் வந்துகொண்டிருந்தான். அதையும் அவளே கெடுத்தாள். ஐயோ, அன்பினால் கெடுத்தாள்! சாமியார் ஒருவர் மந்திரித்த தூளைத் தமையனைக் கொண்டு வாங்குவித்து, கணவனின் சந்தேகம் தீரட்டுமென்று கத்தரிக்காய்க் குழம்பில் கலந்தாள். முதற் கவளத்திலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"கண்டியே! இவ்வளவு நாளும் என்னை விசரன், பைத்தியம் எண்டியள். இப்ப ஆர் விசரன்?"

தமையனும் இதற்குக் கூட்டென்று அன்று முதல் தம்பிராசாவுக்குப் படலை அடைபட்டது; அவர் வீட்டிலிருக்கும்போதும் நூல் கட்டியே இருந்தது. அவள் குடித்துக் காட்டிய தண்ணீரும் அவருக்கு வேண்டாததாயிற்று. தாமே அள்ளினார், தாமே உலை வைத்தார்.

அவள் ஊருக்கு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஆழ்வாப்பிள்ளையிடம் போய் அழுதாள்.

"விசரெண்டால் தலைக்கு எண்ணெய் வைச்சு இறக்கிப்போடுவன், பிள்ளை. உது விசரில்லை. சின்னனிலையிருந்து ஊறின குணம். அதுக்கு என்னட்டைக் குளிசை இல்லை."

"அப்ப நான் என்ன செய்ய, ஐயா?"

"ஒளிச்சு ஒண்டும் செய்யாதை. அவர் சொல்லுறதுக்கு எதிர்த்துக் கதையாதை. ஓமெண்டு தலையும் ஆட்டாதை. செய்ததை முகத்துக்கு நேரை சொல்லு. மெள்ள மெள்ளத்தான் மாறும்."

"மாறாட்டி?"

பரியாரியார் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

அன்றே அவள் கணவன் முன் நின்றாள். "நான்தான் கலந்தனான். அண்ணைதான் வாங்கித் தந்தவர். இனி ஒண்டும் ஒளிக்கமாட்டன்." அவர் செம்பை எடுத்துக்கொண்டு தாமே கிணற்றடிக்குப் போனார்.

வெயிலில் புகையிலை துவண்டது. இன்னும் இரண்டு நாள் நீரில்லாவிட்டால் அந்த வருடமே போய்விடும். நேற்றுக் காலை தம்பிராசா கேளாமலே படலையடிக்கு வந்து நின்றான்.

"மச்சான், மிதிக்க வாறன். பயமெண்டால் நீர் மேலை ஏறும், நான் கீழை நிக்கிறன்."

மார்க்கண்டர் பயிரைப் பார்த்தார். பிறகு நூலைத் தாமே அவிழ்த்தார்.

"நீர்தான் மேலை. உம்மடை காலை நான் பாக்கவேணும்."

வேலிக்கு இப்பால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை இறங்கியது, ஏறியது. குணலட்சுமி பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பினாள். மார்க்கண்டர் ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. மைத்துனனின் பாதங்களையே பார்த்து இறைத்தார். பாதி நீர் அவர் காலிலேயே கொட்டியது.

வெயில் ஏறியதும் குணலட்சுமி செம்புடன் வந்தாள். பழைய வழக்கம்போல் உள்ளங்கையைக் குவித்து, அதில் ஊற்றச் சரித்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். துலாவின் மேல் தம்பிராசா அசையாமல் நின்றான்.

செம்பை வாங்கினார். உள்ளே பார்த்தார். மேலே பார்த்தார். அண்ணாந்து ஊற்றினார். வாய் நிறைந்தது, விழுங்கவில்லை. கன்னங்கள் உப்பியபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கை இன்னும் குவிந்தபடியே இருந்தது.

பிறகு அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.