வாசலுக்கு முன்னால் உள்ள இடம்

கார் வாங்கிய புதிதில், எங்கள் முன்னறை ஜன்னல் வழியாகத் தினமும் சாயங்காலம் ஒரு கறுப்பு வயர் வெளியே போகும். நடைபாதையைக் கடந்து, தெருவோரம் நிற்கும் காரின் மூக்கில் செருகிக்கொள்ளும். யார் காலிலும் தடுக்காமலிருக்க அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவைப்பேன். மின்சாரக் காரைச் செய்தவர்கள், அதை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டோடு சேர்ந்து கார் நிறுத்த ஓர் இடம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். இங்கிலாந்தின் வடக்கே, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசையில் எங்கள் வீடு இருக்கிறது. கதவைத் திறந்தால் நடைபாதை, அதைத் தாண்டினால் தெரு. முதல்நாள் அதைப் பார்த்ததும், இலங்கையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடுகள் நினைவுக்கு வந்து, “இவ்வளவு தூரம் பறந்து வந்து மறுபடியும் லயத்துக்கே வந்திட்டோம்” என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் வயரை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கெவின் தன் கதவடியில் நின்று பார்த்தார். எழுபது வயதிருக்கும், தனியாக இருப்பவர். “நானாக இருந்தால் அதை அப்படிப் போட்டுவைக்க மாட்டேன்” என்றார். நான் உடனே மன்னிப்புக் கேட்டேன். வயரைச் சுருட்டி உள்ளே எடுத்தேன். அவர் வேறேதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்க நான் நிற்கவில்லை.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சுருட்டினேன் என்பதை நினைத்துப் பார்த்தால், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, எங்கள் குடும்பம் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. என் தம்பி லோகு ஆட்டோ எடுத்த வருடம், லயத்தின் கோடியில் நான்கு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, அதற்கு ஒரு கொட்டகை கட்டினான். ஒரே கிழமையில் தோட்டத்து வாட்சர், ஆபீஸ் கடிதத்தோடு வந்தார். கொட்டகையைப் பிரிக்க வேண்டும், லயத்துப் பக்கம் எந்த வாகனமும் நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தது. “எடம் தோட்டத்துதானே அக்கா, நாங்க என்னத்த பேசுறது?” என்று சொல்லிக்கொண்டே லோகு தகரத்தைக் கழற்றினான். அப்பா கம்புகளைப் பிடுங்கினார். நான் ஆணிகளைப் பொறுக்கினேன். நான்கு தலைமுறை குடியிருந்த இடத்தில் எங்களுக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி, எத்தனை மணிக்குள் பிரிக்க வேண்டும் என்பதுதான்.

அதற்குப் பிறகு ஆட்டோ கீழே, மெயின் ரோட்டில், ஒரு சிங்கள முதலாளியின் பலசரக்குக் கடைக்கு முன்னால் நின்றது. “கமக் நே மல்லி, மெத்தன தாலா யன்ன” என்று அந்த மனிதர் தாராளமாகச் சொன்னார். பரவாயில்லை தம்பி, இங்கேயே விட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். கடைக்கும் லயத்துக்கும் இருபது நிமிட நடை. ஒரு மழைப் பகலில் அப்பாவுக்கு வாய் கோணி, பேச்சுக் குழறியபோது, லோகு அந்த இருபது நிமிடத் தூரத்தை ஓடி இறங்கி, ஆட்டோவை மேலே கொண்டுவந்தான். கேகாலை ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார். அப்பா பிழைத்தார். ரப்பர் பால்வெட்டும் கத்தி பிடித்த வலது கை பிறகு எழும்பவேயில்லை.

இங்கே என் வேலை, நடமாட முடியாதவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடும் மாத்திரையும் கொடுப்பது. வயரைச் சுருட்டிய பிறகு, விடிந்ததும் சூப்பர் மார்க்கெட் சார்ஜரில் வரிசையில் நிற்கத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை ஒரு காலையில் எனக்கு முன்னால் நான்கு கார்கள் நின்றன. முதல் வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். அங்கே ஒரு மூதாட்டி நனைந்த படுக்கையில் கிடந்தார். “இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்” என்றார், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே கெவினின் கதவைத் தட்டினேன். சாயங்காலத்தில் சில மணித்தியாலம் மட்டும் வயர் போடுகிறேன், அனுமதிப்பீர்களா என்று கேட்டேன்.

“அனுமதியா? நடைபாதை என்னுடையதா என்ன?” என்று முழித்தார். “வயரைத் திருடுகிறார்கள். போன மாதம் முனை வீட்டில் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. நடைபாதையில் சிறிய கால்வாய் வெட்டி வயரை அதற்குள் பதிக்க நகரசபைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். சில மாதங்களில் இரண்டு பேர் வந்து, எங்கள் படியிலிருந்து தெரு விளிம்புவரை விரலகலத்துக்கு வெட்டி, மூடி போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வந்த கடிதத்தில், கால்வாய் இருப்பதாலேயே அதற்கு எதிரேயுள்ள இடம் வீட்டுக்காரருக்கு உரியதாகாது, யாரும் அங்கே நிறுத்தலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். இந்த நாட்டில் பிறந்த கெவினுக்கும் தன் வாசலுக்கு முன்னால் ஓர் அடி சொந்தமில்லை. ஆனால் அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

போன ஞாயிறு வேலை முடிந்து வந்தபோது எங்கள் கால்வாயின் முன்னால் யாருடையதோ ஒரு வேன் நின்றது. இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து லோகுவை வீடியோவில் அழைத்தேன். அவன் கடைக்கு முன்னால் ஆட்டோவுக்குள் இருந்தான். அங்கே மழை.

“எங்கக்கா நிக்கிறீங்க?”

“யாரோட வீட்டு முன்னாலயோ.”

“நானுந்தான்” என்று சிரித்தான்.

அப்பாவைப் பற்றிப் பேசினோம், லோகுவின் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாளா, வானத்தைப் பார்த்தாளா தெரியவில்லை. போகச் சொல்லி யாரும் சைகை காட்டவில்லை. பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் என் விரல் ஸ்டார்ட் பட்டன் மேலேயே இருந்தது.