ஒத்தை சிலிண்டரும் ஓனர் போட்ட கெடுவும்

பால் பவுடர் டப்பாவில் நட்டு போல்ட்டும், நட்டு போல்ட் டப்பாவில் பால் பவுடர் கரண்டியும் கிடக்கிற வீட்டில் நீங்கள் குடித்தனம் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். லேத் பட்டறைக்காரர் வீட்டில் எது சமையலறை, எது பட்டறை என்று கோடு போட முடியாது. போட்டாலும் அதன் மேல் எண்ணெய் சிந்திவிடும்.

நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி பீர்க்கன்கரணைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டுக்காரரிடம் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாடகை வீட்டுக்கு முன்னால் ஒரு தகர ஷெட். அதில் மிஷின்களுக்குப் புஷ் கடைந்து, போல்ட்டுக்கு மரை போட்டு நிம்மதியாகத்தான் இருந்தோம், பழைய வண்டி என்றால் உயிரை விடுகிற கீழ்க்கட்டளை ராபர்ட் சார் இஞ்சினே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற வரைக்கும். "அந்தக் காலத்து மாதிரியே ஒத்தை சிலிண்டர் இஞ்சின், நீங்களே செஞ்சு குடுக்கணும்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

கெடு

எங்கள் வீட்டு ஓனர் இந்த ஊர்க்காரரே. ஏரிப் பக்கம் நெல் போட்ட குடும்பம். இப்போது வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மத்தியானத் தூக்கம் அவருக்கு உயிர். எங்கள் சுத்தியல் சத்தம் கேட்டு மூன்றாம் நாளே எழுந்து வந்துவிட்டார். "இன்னாம்மா, இது வூடா, ரயில் ஷெட்டா?"

இஞ்சின் செய்கிறோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பையன் காரை நிறுத்த எங்கள் ஷெட் மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண். "கார்த்திகை தீபம் வரைக்கும் டைம். ஓடுச்சுன்னா ஷெட்டு உங்களுக்கே. ஓடலன்னா காலி பண்ணிகினு போய்க்கினே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்கப் போனார்.

ஷெட் போனால் பிழைப்பே போச்சு. லேத்தை எங்கே வைப்பது என்று இவரிடம் அழாத குறையாகக் கேட்டேன். இவர் டேப்பை எடுத்துப் படுக்கையறையை அளந்துவிட்டுச் சொன்னார்: "கட்டிலைத் தூக்கிட்டா வைக்கலாம்."

மை

வார்ப்பிரும்பைக் கடைந்தால் சுருள் வராது, கறுப்புப் பொடிதான் வரும். சிலிண்டரைச் சுற்றிக் காற்றுப்பட்டு சூடு தணிய, அடுக்கடுக்காகத் தகடு விட வேண்டும். நாலு நாள் நின்று பதினோரு தகடு கடைந்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவாமல் எங்கள் பத்து மாதப் பெண் குழந்தையைத் தூக்க மாட்டேன். ஆனால் நைட்டியை மாற்ற மறந்திருக்கிறேன்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா பிள்ளையின் தொடையைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுப்பு. இன்னொரு பஞ்சு, அதுவும் கறுப்பு. நாலாவது பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "திருஷ்டி மை கன்னத்துல ஒரு பொட்டு போதும்மா. குழந்தையையே முக்கி எடுக்கக் கூடாது."

ஃப்ரீசர்

இஞ்சினின் அடிப்பெட்டியில் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் இரண்டும் கெட்டுவிடும். பெட்டியைச் சூடாக்கணும், பேரிங்கைக் குளிர வைக்கணும். அப்போது தானாக 'டக்'கென்று உட்காரும். எனவே பேரிங் இரண்டும் ஃப்ரீசரில், பெட்டி தோசைக்கல் மேல். அன்றைக்கென்று பார்த்து என் நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள்.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், "ஃப்ரீசர்ல என்ன அண்ணி, முறுக்கா?" என்றாள். விளக்கினேன். இவர் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்டி மேல் தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த நாத்தனார் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, எனக்கு முன்னாடி எத்தனை பேரிங் இருக்குன்னு சொல்லுங்க, நான் டோக்கன் போட்டுக்கறேன்."

மத்து

வால்வு காற்றுப் புகாமல் உட்கார, அதில் மணல் மாதிரி நறநறக்கிற பசையைத் தடவி, ஒரு குச்சியைப் பொருத்தி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தேய்க்கணும். இவருக்கு ஐந்து நிமிஷத்தில் தோள் வலி வந்துவிடும். மோர் கடைந்த கை என்னுடையது, தேய்த்துக்கொண்டே இருந்தேன். எட்டிப் பார்த்த ராபர்ட் சார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார். "வெண்ணெய் திரண்டதும் ஒரு போன் போடும்மா."

இரண்டு நிமிஷம்

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் இஞ்சினை வண்டியில் ஏற்றி, டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி, இவர் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். ஏழாவது உதையில் பிடித்துக்கொண்டது! டுக், டுக், டுக். சரியாக இரண்டு நிமிஷம். நின்றுவிட்டது. இவர் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், இருந்தது. மூடிவிட்டு உதைத்தார், ஓடியது. மறுபடி இரண்டு நிமிஷம். கார்புரேட்டரை ஒன்பது தடவை கழற்றி மாட்டினோம். ராபர்ட் சார் பிளக்கை மாற்றினார். ஓனர் வாசலில் டேப் வைத்து, பையன் காருக்கு இடம் போதுமா என்று அளந்தார்.

தீபத்தன்று மத்தியானம் பிள்ளைக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சி உறிஞ்சி ரப்பர் காம்பு ஒட்டிப்போய்விட்டது. வீல் என்று கத்தினாள். வழக்கம்போல மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். காற்று 'குப்'பென்று உள்ளே போனது, பால் இறங்கியது. பிள்ளையோடு ஷெட்டுக்கு ஓடினேன். டேங்க் மூடியின் நட்டநடுவில் இவர் வைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. அதற்கு அடியில்தான் டேங்குக்குள் காற்றுப் போகிற துளை; அது அடைந்தால் பெட்ரோலும் இறங்காது. ஹேர்பின்னால் குத்தி எடுத்தேன். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாமி கும்பிட்டது தப்பில்ல, இடம்தான் தப்பு."

தீபம்

அப்புறம் அது நிற்கவே இல்லை. கால் மணி நேரம் ஓடியது. ராபர்ட் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். தூக்கம் கலைந்த ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து இஞ்சினைப் பார்த்தார். போனை எடுத்துப் பையனிடம், "காரைத் தெருவுலயே வுடுடா" என்று கத்தினார்.

இஞ்சினை நிறுத்தினேன். இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான்: சத்தம் பிடிக்காத ஓனரின் வாயை அடைக்க, அதைவிடப் பெரிய சத்தம் ஒன்றை நாமே செய்து கொடுக்கணும். கிளம்பப் போன ஓனர் திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணேம்மா. எங்க வூட்டுக்காரி குளிச்சிகினு இருந்தா, பாக்கல."