நாய்க்குட்டியின் உயரத்திலிருந்து ஒரு வீடு

அன்னெக்க எங்கள் வீட்டுக்குள் வந்தார், கோட்டைக் கழற்றிக் கொளுவினார், கோப்பியில் ஒரு மிடறு குடித்தார். பிறகு முழங்காலில் இறங்கிக் கைகளையும் தரையில் ஊன்றினார். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், முன்பின் அறியாதவர், என் வரவேற்பறையில் நாலு காலில் போய்க்கொண்டிருந்தார். சோபாவுக்கு அடியில் எட்டிப்பார்த்தார். தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்த வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அலுமாரியின் கீழ் மூலையை விரலால் தடவினார். நானும் மனைவி பர்சானாவும் கோப்பைகளைப் பிடித்தபடி நின்றோம். நாங்களும் இறங்க வேண்டுமா, நிற்பதுதான் மரியாதையா என்று தெரியவில்லை. பத்து வயது மகள் இல்மாதான் விளக்கம் சொன்னாள்: "வாப்பா, அவ நாய்க்குட்டி பாக்குற மாதிரிப் பாக்குறா."

நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் வடக்கு முனையில், டென் ஹெல்டரில். மூன்று பக்கமும் கடல். இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் பிறந்தவனுக்கு இந்த நில அமைப்பு பழகியதுதான். குளிர் மட்டும் பதினாலு வருடமாகியும் பழகவில்லை. அன்னெக்க பக்கத்துக் கிராமத்தில் கோய்க்கர் என்ற பழுப்பும் வெள்ளையுமான நாயினத்தை வளர்ப்பவர். குட்டி கொடுக்கும் முன் வீட்டைப் பார்ப்பார். இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். எங்கள் பக்கத்திலும் வீடு பார்க்க வருவார்கள், கலியாணத்துக்கு. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அலுமாரிக்கு அடியில் குனிந்தவர்களை நான் கண்டதில்லை.

அவர் சொன்னதையெல்லாம் இல்மா கொப்பியில் எழுதிக்கொண்டாள். வயர்களை மேலே தூக்கிக் கட்ட வேண்டும். லில்லிச் சாடியை அகற்ற வேண்டும். சப்பாத்துகள் தரையில் இருக்கக்கூடாது. மாடிப்படிக்கு ஒரு சின்னக் கேற். குட்டி படுக்கும் கம்பிக்கூடு அது எழும்பி நின்று திரும்புமளவுக்கு மட்டும் இருக்க வேண்டும்; பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சிறுநீர் கழிக்கும். தாயின் மணமுள்ள ஒரு துவாயைக் குட்டியோடு தந்துவிடுவாராம். நான் கொழும்பில் ஆறு வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவன். விபரம் கேட்பதும் குறிப்பதும் கையோடு வந்த பழக்கம். ஆனால் அன்று சொல்ல வேண்டிய ஒரு விபரத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் என் ராத்தா வருகிறார். எனக்கு மூத்த சகோதரி, ஊரில், குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறார். உம்மாவும் வாப்பாவும் போன பிறகு என்னோடு பிறந்தவர் என்று மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். முழங்கால் வலியைச் சொல்லி வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர், இப்போது மூன்று மாதம் தங்க வருகிறார். வீட்டுக்குள் நாய் வரப்போவது அவருக்குத் தெரியாது. நாய் இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள், வானவர்கள், நுழைவதில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது தெரிந்தால் அவர் பயணத்தையே நிறுத்திவிடலாம். ஒருமுறை நிறுத்தினால் பிறகு வரமாட்டார். அவர் குணம் எனக்குத் தெரியும். மறுபக்கம் இல்மா, பாடசாலை விட்டு வெறும் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகும் பிள்ளை, மூன்று வருடமாகக் கேட்டுக் கடைசியில் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள்.

ஊரில் எங்களுக்கும் ஒரு நாய் இருந்தது, ஜிம்மி. ஆனால் அது வீட்டு நாயல்ல, தோட்டத்து நாய். வாப்பாவின் வெங்காயப் பாத்திகளுக்குள் கழுதைகள் இறங்காமல் விரட்டுவது அதன் வேலை. தண்ணீர் மெசின் கொட்டிலுக்குள் சாக்கில் படுக்கும். மதியச் சோற்றை ராத்தாதான் கொண்டுபோவார். வேலிக்கட்டையில் தனியாகக் கொளுவிய நெளிந்த அலுமினியப் பாத்திரத்தில், கை படாமல், ஒரு முழ உயரத்திலிருந்து கொட்டுவார். ஒருநாள் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுத்துவிட்டு நின்ற ராத்தாவின் கையை ஜிம்மி நக்கிவிட்டது. அவர் ஏசவில்லை. குனிந்து தோட்டத்து மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவினார், பிறகு வெறும் தண்ணீரால் ஆறு தரம். நாங்கள் பின்பற்றும் மத்ஹபின், மார்க்கச் சட்டப் பிரிவின், கணக்கு அது: ஏழு தரம், அதில் ஒரு தரம் மண். வேலியும் வாசற்படியும் இருந்ததால் நாய்க்கென்று யாரும் வீட்டை ஆயத்தம் செய்யவில்லை. மண்ணைத் தேடி யாரும் எங்கும் போகவுமில்லை.

டென் ஹெல்டரில் அது மாசி மாதம். தோட்டத்து நிலம் இறுகி உறைந்து கிடந்தது. ராத்தாவுக்கு மண் எடுக்கப் போனால் மண்வெட்டி இறங்கவில்லை. செடிகள் விற்கும் பெரிய கடைக்குப் போனேன். பொதிகளில் எழுதியிருந்ததை வாசித்தால், ஒன்றில் குதிரைச் சாணம், மற்றதில் கோழி எச்சம். சுத்தமான மண் இருக்கிறதா என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன்.

"எந்தச் செடிக்கு?"

"செடிக்கு இல்லை. கை கழுவ."

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, சவர்க்காரம் இருக்கும் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசியில், பிள்ளைகளின் விளையாட்டுத் தொட்டிக்குப் போடும் மணல் ஒரு பொதி வாங்கினேன். அரித்து, கழுவி, காயவைத்த மணல். குளியலறையில் ஒரு மூடிபோட்ட வாளியில் அது இருக்கிறது.

ராத்தாவால் மாடி ஏற முடியாது. கீழே சாமான் போட்டிருந்த சின்ன அறையை அவருக்காகக் காலி செய்தேன். கட்டில், விரிப்பு, முழங்கால் வலியால் அவர் இப்போது இருந்தபடி தொழுவதற்கு ஒரு கதிரை. மாடிப்படிக்கு வாங்கியது போலவே இன்னொரு கேற்றை அந்த அறை வாசலிலும் பொருத்தினேன். அன்னெக்க இரண்டாம் தரம் வந்தபோது கண்டது அதைத்தான்.

"குட்டியை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இதற்குள் அடைப்பீர்கள்?"

"இது குட்டிக்கு இல்லை. என் ராத்தாவுக்கு."

அவர் பேனையை எடுத்து எதையோ எழுதினார். நான் அவசரமாக எல்லாவற்றையும் விளக்கினேன், தொழுகை, எச்சில், வாளியில் இருக்கும் மணல் வரை. அவர் சிரிக்கவில்லை. வாளியின் மூடியைத் திறந்து பார்த்து, நல்ல ஒழுங்கு என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

"உங்கள் ராத்தாவுக்குக் குட்டி வருவது தெரியுமா?"

நான் வாளியின் மூடியைத் திரும்பப் போட்டேன்.

"வீட்டில் இருக்கப்போகிற எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் குட்டி" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானமே ஊருக்கு வீடியோவில் அழைப்பெடுத்தேன். ராத்தா வாசலில் கதிரை போட்டிருந்தார். பின்னால் கோழி கத்தியது. இல்மாவுக்கு நாய்க்குட்டி எடுக்கிறோம், வீட்டுக்குள்தான் இருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எப்ப யோசிச்ச நீங்க?"

"மூணு மாசமா."

"மூணு மாசமாக் கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கிற. அங்க மழ பேஞ்சதச் சொன்ன. பஸ் பிந்தினதச் சொன்ன. இதச் சொல்ல மட்டும் வாய் வரல்ல."

"நீங்க வரமாட்டீங்களோ எண்டு..."

"ஜிம்மிக்குச் சோறு வெச்சது ஆரு, நீயா? நீ வேலிக்கு அங்கால நிண்டு கத்தின."

அன்னெக்க தரையில் போனதைச் சொன்னேன். ராத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இருமல் வரும்வரை சிரித்தார். "நாய்க்குட்டிக்கு வீடு பாக்க ரெண்டு தரம் ஆள் வருது. எனக்கு ஆரு வீடு பாத்த? காட்டு, நானே பாக்குறன். " அவருடைய அறையைச் சுற்றிக் காட்டினேன். "ஃபோன அந்தக் கதிரைல வை. நான் இரிக்கிற உயரத்துக்கு."

வைத்தேன். கதிரைக்கு எதிரே யன்னல். யன்னலுக்கு வெளியே அணைக்கட்டு, அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"தம்பி, அது என்ன, கடலா?"

"ஓம் ராத்தா. கடல் தெரியுற மாதிரித்தான் கதிரைய வெச்ச."

"அங்க பொழுது எங்கால விழுகிற?"

"கடலுக்குள்ள."

"அப்ப அது மேக்கு. ஒல்லாந்துல இரிந்து மக்கா மேக்கயா?"

குறிஞ்சிப்பிட்டியில் கிப்லா, தொழும் திசை, கடல் பக்கம். பள்ளிவாசலின் முன்சுவருக்கு அப்பால் தென்னைகள், அதற்கப்பால் கடல். கடலைப் பார்த்து நின்றால் சரி என்று சின்ன வயதில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. டென் ஹெல்டரில் மக்கா தென்கிழக்கில். பர்சானா மாடியில் சரியான திசைக்குத்தான் விரிப்புப் போடுகிறாள். நான் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவேன். அங்கே வரிசையில் நின்றால் போதும், திசையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பத்திரிகையில் திசை பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். பதினாலு வருடம் இருந்த வீட்டில் நான் தொழுததே இல்லை என்பதை அந்தக் கதிரை ராத்தாவுக்குச் சொல்லிவிட்டது.

"ஜும்ஆக்குப் போறனான் ராத்தா."

"நான் ஜும்ஆவக் கேக்கல்ல." ராத்தா போனுக்குக் கிட்டக் குனிந்தார். "கதிரையத் திருப்பு."

திருப்பினேன். இப்போது யன்னல் பின்னால் போனது. கதிரைக்கு முன்னால் அறை வாசலும் புதுக் கேற்றும், அதற்கப்பால் குட்டிக்காக வைத்திருந்த கம்பிக்கூடும்.

"அது என்ன கம்பி?"

"நாய் உள்ள வராம."

"தொழுவக்குள்ள அது என் மூஞ்சயப் பாத்துட்டா இரிக்கப் போகுது? கேற்றுக்கு ஒரு சீல போடு. மத்தத வந்து பாக்குறன்."

'வந்து' என்றார்; அப்படியென்றால் வருகிறார். நான் அன்னெக்கவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

குட்டி சனிக்கிழமை வந்தது. இல்மா நாள் முழுக்கத் தரையில்தான் இருந்தாள். பின்னேரம் நான் கேற்றைத் தாண்டி அறைக்குள் போய், கதிரையின் உயரம் ராத்தாவின் முழங்காலுக்குச் சரியா என்று இருந்து பார்த்தேன். பர்சானா கட்டிய சீலை தரையை முட்டவில்லை. நாலு விரல் இடைவெளி. அதற்குள்ளால் ஒரு ஈர மூக்கும் இரண்டு வெள்ளைப் பாதங்களும் தெரிந்தன. என் கால்விரலுக்கும் அந்த மூக்குக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். காலை இழுக்கவுமில்லை, நீட்டவுமில்லை. யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. கடல் முதுகுப் பக்கமிருந்து கேட்டது.