விமானக் கூடத்தின் வடக்குச் சுவர்

மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே ஒரு காலத்தில் விமான ஓடுதளம் இருந்தது என்று சொன்னால் ஊரிலேயே பாதிப் பேர் சிரிப்பார்கள். ஓடுதளத்தை உப்புப் பாத்திகள் விழுங்கிவிட்டன. எஞ்சியவை கூரை சரிந்த ஒரு சிறிய தந்தி அறையும், விமானங்களைப் பழுதுபார்த்த நீண்ட செங்கல் கூடமும் மட்டுமே. அவற்றைக் காத்து, முற்கால விமானங்களின் அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்த குழுவுக்கு நான் தலைவன். வரலாற்றில் பட்டம் பெற்று, தலைமையாசிரியராகப் பணி நிறைவு செய்தவன். என் சொல்லுக்கு இப்பகுதியில் மதிப்பு உண்டு. அதை நான் இலேசாகச் செலவிட்டதில்லை.

கூடம் நெடுங்காலமாக உப்புக் கிடங்காக இருந்தது. உப்புதான் செங்கல்லைத் தின்கிறது என்று நாளேட்டில் எழுதினேன். அங்கே உப்பைச் சேர்த்து வைத்திருந்த வியாபாரியிடம் பலமுறை வாதாடி, கிடங்கைக் காலி செய்ய இசைய வைத்தேன். ‘இங்கு உப்புக் கொட்டக் கூடாது’ என்று தடித்த பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே என் பெயரையும் பட்டத்தையும் பொறித்து வாசலில் நிறுத்தினேன். பார்வையிட வரவிருந்த அதிகாரியிடம், கூடம் துடைத்தாற்போல் இருக்கும் என்று வாக்கும் கொடுத்தேன். தரையும் சுவரும் முழுதாகக் கண்ணில் படாவிட்டால் பரிந்துரை செய்ய இயலாது என்று அவர் முன்பே கூறியிருந்தார்.

அவர் வரும் நாளன்று காலை முதல் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் கூடை கூடையாக உப்பை வாரி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பகலுக்குள் பெரும்பகுதி வெறுமையாயிற்று. வடக்குச் சுவரை ஒட்டி இடுப்பளவுக் குவியல் ஒன்றே மிச்சம். “பெருமுக்கல் தாண்டிட்டோம் சார்” என்று அதிகாரி வழியிலிருந்து தொலைபேசியில் சொன்னதும் நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

அப்போதுதான் அந்த ஒலி கேட்டது. காய்ந்த மட்டை முறிவது போன்ற ஒலி. வடக்குச் சுவரின் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு ஓடியிருந்தது. காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்கள்.

புறத்தே சுற்றிச் சென்று பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. உப்பளக் கரையை ஆண்டுதோறும் உயர்த்தி உயர்த்தி, மண்ணைச் சுவர்மீதே சாய்த்திருந்தார்கள். வெளியிலிருந்து மண் தள்ள, உள்ளிருந்து உப்பு எதிர்த்து நின்றிருக்கிறது. எதிர்த்து நின்றதை நாங்கள் காலையிலிருந்து வாரிக்கொண்டிருந்தோம்.

“இன்னும் கொஞ்சந்தான் சார் கெடக்குது. அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்” என்றார் வியாபாரி. “இத்தினி வருசமா நின்ன சுவரு இன்னிக்கா வுழப்போவுது?”

“அப்ப நீயே போயி வாரு” என்றார் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவர். “எம் பொண்ணுங்க போவமாட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இன்னா ஐயா, பேசாம நிக்கிறீங்க? உப்பு சுவத்தத் தின்னுதுன்னீங்க. இப்ப உப்பு இல்லன்னா சுவரு நம்மளத் தின்னுடும் போலக்குதே.”

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினால் சுவர் போகும், ஆளும் போகலாம். சுவரைக் காத்தால் அதிகாரி முன் என் வாக்குப் பொய்யாகும். கார் எந்த நேரமும் வந்துவிடும்.

“மிச்ச உப்பு அப்படியே கெடக்கட்டும். யாரும் கூடையைத் தொட வேணாம்” என்றேன்.

சுவரைத் தாங்கிப் பிடிக்க லாரிக்காரர்கள் இருவர் சவுக்குக் கட்டைகள் கொண்டுவந்தார்கள். ஊறிப்போன செங்கல்லில் கட்டையை நேரே முட்டுக்கொடுத்தால் உள்ளே இறங்கிவிடும். இடையில் வைக்கப் பலகை வேண்டும். அங்கிருந்த ஒரே பலகை என்னுடையது.

“எடுத்துக்கவா ஐயா?” என்றார் லாரிக்காரர் ஒருவர்.

“எடுங்க. எழுத்து சுவத்தைப் பாத்து இருக்கட்டும்.”

“சுவராண்ட நின்னு புடிக்க ஒரு ஆள் வேணுமே” என்றார் லாரிக்காரர். ஒருவரும் அசையவில்லை.

“தலைவரு இருக்காரே, தலைவரு” என்றார் அந்த அம்மாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே சென்றேன். குவியலில் கால் புதைந்தது. பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். அடியில் ஆப்பு வைத்து அடித்த ஒவ்வோர் அடிக்கும் என் தலையில் காரை கொட்டியது. கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மூச்சு வுடுங்க ஐயா” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

முட்டு இறுகியது. கையை எடுத்த பிறகுதான் கவனித்தேன், எழுத்து என் முகத்தைப் பார்த்திருந்தது. திருப்பச் சொல்ல வாயெடுப்பதற்குள் கார் வந்து நின்றது.

அதிகாரி உப்பைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார். பலகையை என் பெயர்வரை நிதானமாகப் படித்தார்.

“காலியா இருக்கும்னு சொன்னீங்களே சார்?”

“சொன்னேன். காலி பண்ணியிருந்தா நீங்க பாக்கறதுக்குச் சுவர் இருந்திருக்காது.”

அவர் வெளிமண்ணையும் பிளவையும் படமெடுத்துக்கொண்டு திரும்பினார். சில வாரங்களில் உத்தரவு வந்தது: பரிந்துரை நிலுவையில் வைக்கப்படுகிறது, கரை மண்ணை அகற்றிச் சுவரைப் பலப்படுத்தும்வரை உள்ளிருக்கும் உப்பை எடுக்கக் கூடாது, முட்டுகளைத் தொடக் கூடாது.

இப்போது வெளிமண்ணை வெட்டி வருகிறோம். சுவர் நிற்கிறது. பார்க்க வருவோர் உப்புக் குவியலுக்கு மேல் என் பலகையைக் கண்டு படமெடுக்கிறார்கள். பெயர் இருக்குமிடத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். கதவற்ற சன்னல் வழியே வரும் கடற்காற்று அதை ஒருநாள்கூட விட்டுவைக்கவில்லை.

“பலகைய இன்னும் திருப்பலியா ஐயா?” என்று அந்த அம்மாள் காணும்போதெல்லாம் கேட்கிறார்.

“மண் முழுசா எடுக்கட்டும்” என்கிறேன்.